மரியா எப்போது மாஷா ஆகிறாள்? ரஷ்யப் பெயர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிறந்திருக்கும் பெண் குழந்தைக்கு நடாஷா என்று பெயர் வைக்கலாம் என்றிருக்கிறோம். அதன் பொருள் என்ன? ‘அது முழுப் பெயரே இல்லை’ என்று உறவினர் ஒருவர் சொல்வது உண்மையா?

பதில்: உண்மைதான். நதாஷா என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். ரஷ்யாவில் பிறப்புச் சான்றிதழில் ஏறுவது நதாலியா அல்லது நதால்யா. ‘பிறப்புக்குரிய’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி வைக்கப்பட்ட பெயராக ஐரோப்பாவில் பரவியது. ரஷ்யத் திருச்சபை இந்தப் பெயருள்ள புனிதையை, அவருடைய கணவர் அத்ரியானோடு சேர்த்து, செப்டம்பர் 8 அன்று நினைவுகூர்கிறது.

இதேபோல நம் ஊர்க்காரர்கள் முழுப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல பெயர்கள் அங்கே சுருக்கப் பெயர்கள். தான்யாவின் முழுப் பெயர் தத்யானா. சோன்யா என்றால் சோஃபியா, நாத்யா என்றால் நதேஷ்தா, காத்யா என்றால் யெகத்தெரீனா, நாஸ்த்யா என்றால் அனஸ்தசீயா. சான்றிதழில் நதாலியா என்று எழுதி வீட்டில் நடாஷா என்று கூப்பிடுங்கள். பின்னாளில் பெண் ரஷ்யாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போனால் மரியாதையாக அழைக்க ஒரு பெயரும் உரிமையோடு அழைக்க ஒரு பெயரும் கையில் இருக்கும். நடாஷா என்று மட்டும் வைத்தாலும் குற்றமில்லை. ஆனால் அங்கே முன்பின் தெரியாத எழுத்தர்கூட அவளை வீட்டுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிகிதா, மிஷா, இல்யா ஆகியவை ஆகார ஒலியில் முடிவதால் பெண் பெயர் என்று நினைத்துவிடுகிறோம். ரஷ்யாவில் மூன்றும் ஆண் பெயர்கள். நிகிதா ‘வெல்லப்படாதவன்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சோவியத் தலைவர் குருஷ்சேவின் பெயர் நிகிதா செர்கேயெவிச். இந்தியாவில் பெண்களுக்கு வைக்கும் நிகிதாவுக்கும் அதற்கும் ஒலி மட்டுமே ஒன்று.

கேள்வி: ரஷ்ய நாவல்களில் ஒரே ஆளை நாலைந்து பெயரில் கூப்பிடுகிறார்கள். யார் யார் என்றே பிடிபடவில்லை. இதற்கு ஏதாவது ஒழுங்கு உண்டா?

பதில்: திட்டமான ஒழுங்கு உண்டு. எந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் என்ன உறவு என்று கண்டுகொள்ளலாம்.

மரியா என்ற பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் அப்பா பெயர் இவான். பள்ளியில் அவள் ஆசிரியை என்றால் மாணவர்களும் பெற்றோரும் ‘மரியா இவானோவ்னா’ என்பார்கள், ‘நீங்கள்’ போட்டுப் பேசுவார்கள். தோழிகளுக்கு அவள் மாஷா; இங்கே ‘நீ’. கொஞ்சும்போது மாஷென்கா. மாஷ்கா என்பது கத்திமுனை போன்ற வடிவம்: கூட வளர்ந்த தோழி சொன்னால் உரிமை, வேறு யாராவது சொன்னால் மட்டம் தட்டுவது. மரூஸ்யா, மான்யா என்றால் பழைய காலத்து வாசனை. அரசு ஆவணத்தில் குடும்பப் பெயர் முதலில் வரும், பிறகு பெயர், கடைசியில் தந்தைவழிப் பெயர். நாவலில் ஒருவர் நேற்றுவரை ‘மரியா இவானோவ்னா’ என்று சொல்லிவிட்டு இன்று ‘மாஷா’ என்றால், இருவருக்கும் நடுவில் ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். மொழிபெயர்ப்பாளர் வாசகருக்கு எளிதாக இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் ஒரே பெயரைப் போட்டுவிட்டால் இந்தச் சேதியெல்லாம் காணாமல் போய்விடும். அது எனக்கு ஒப்பாத வேலை.

சில சுருக்கங்கள் மூலப் பெயரை நினைவூட்டவே செய்யாது. அலெக்சாந்தர் எப்படி ஷூரா ஆனார்? அலெக்சாந்தர் அலெக்சாஷா ஆயிற்று; அதன் வால் மட்டும் நின்று சாஷா; சாஷாவிலிருந்து சஷூரா; அதன் வால் ஷூரா. திமித்ரிக்கு தீமா, மீத்யா இரண்டும் உண்டு. விளதீமிர் என்றால் வலோத்யா, வோவா. கியோர்கிக்கு கோஷாவும் ஷோராவும். யெவ்கேனிக்கு ஷேன்யா. ஸ்லாவா என்று வந்தால் வியாச்சிஸ்லாவ், யரஸ்லாவ் என்று ‘ஸ்லாவ்’ ஈற்றுப் பெயர் எதுவாகவும் இருக்கலாம். சாஷா, ஷேன்யா, வால்யா மூன்றும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆண்பாலா பெண்பாலா என்பதை வினைமுற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. எதிரே நிற்பவரைக் கூப்பிடும்போது கடைசி உயிரெழுத்தை விழுங்கிவிடுவார்கள்: ‘மாஷ்!’, ‘வான்!’, ‘சாஷ்!’. உரையாடலில் இப்படி வந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

படிக்கத் தொடங்கும்போது ஒரு தாளை நூலுக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் முழுப் பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர், சுருக்கம் என்று ஒரு வரி எழுதுங்கள். நாலைந்து அத்தியாயம் தாண்டினால் தாள் தேவைப்படாது.

கேள்வி: நம் தலைப்பெழுத்து மாதிரி அவர்களுக்கும் அப்பா பெயர் ஒட்டிவருகிறது. அதை எப்படி உருவாக்குகிறார்கள்? ரஷ்யாவில் வாழும் தமிழருக்குக் குழந்தை பிறந்தால் என்ன செய்வார்கள்?

பதில்: ‘ஓட்செஸ்த்வா’ என்பது அதன் பெயர். தந்தையின் பெயர் வல்லின மெய்யில் முடிந்தால் மகனுக்கு ‘ஓவிச்’, மகளுக்கு ‘ஓவ்னா’ சேரும்: இவான், இவானோவிச், இவானோவ்னா. இங்கே வல்லினம் என்பது ரஷ்ய ஒலிக்கணக்கு. நம் க, ச, ட அல்ல. மென்மையாக்கிய மெய்யிலோ ‘ய்’ ஒலியிலோ முடிந்தால் ‘எவிச்’, ‘எவ்னா’: செர்கேய் என்றால் செர்கேயெவிச், ஈகர் என்றால் ஈகரெவிச். ‘இய்’ என்று முடியும் பெயர்களில் இகரம் பெரும்பாலும் கரைந்துவிடும். வசீலிய் வசீல்யெவிச் ஆவார். அந்த இகரத்துக்கு முன்னால் இரண்டு மெய்கள் நெருக்கினால் கரையாது. திமித்ரியின் மகன் திமித்ரியெவிச்தான்.

ஆகார ஈற்று ஆண் பெயர்களுக்கு வேறு வழி: நிகிதா, நிகீதிச், இல்யா, இல்யீச். மகளுக்கு வரும்போது அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஈற்றில் அழுத்தம் இல்லையென்றால் நிகீதிச்னா. ஈற்றிலேயே அழுத்தம் என்றால் இல்யீனிச்னா, லுகீனிச்னா. எழுதுவது ‘இச்னா’ என்றாலும் வாயில் வருவது ‘இஷ்னா’. விதிக்கு அடங்காதவை சில: லேவ் என்பவரின் மகன் லிவோவிச், பாவெலுக்கு பாவ்லோவிச், பியோத்தருக்கு பெத்ரோவிச், யாக்கவுக்கு யாக்கவ்லெவிச்.

பேச்சில் இவ்வளவு நீளம் தாங்காது. அலெக்சாந்தர் அலெக்சாந்தரோவிச் ‘சான் சானிச்’ ஆகிவிடுவார். பாவெல் பாவ்லோவிச் ‘பால் பாலிச்’. மரியா இவானோவ்னா ‘மார்இவான்னா’. எழுத்தில் மட்டும் சுருக்கக் கூடாது. சுருக்கப் பெயரோடு தந்தைவழிப் பெயரைச் சேர்ப்பதும் தவறு: ‘சாஷா பெத்ரோவிச்’ என்று யாரும் சொல்வதில்லை.

இந்த ‘விச்’ ஒரு காலத்தில் எல்லோருக்கும் கிடைத்ததல்ல. அது பட்டம் மாதிரி. 1610இல் ரஷ்ய மன்னர் (ஜார்) வசீலி ஷூய்ஸ்கி, ஸ்த்ரோகனோவ் என்னும் வணிகக் குடும்பத்துக்கு ‘விச்’ போட்டு எழுதப்படும் உரிமையைத் தனிச் சலுகையாகக் கொடுத்தார். இரண்டாம் காத்தரீன் காலத்திலும் முதல் 5 படிநிலை அதிகாரிகளுக்குத்தான் முழு ‘விச்’. ரஷ்ய அரச குடும்பத்துக்கு மருமகளாக வந்த ஜெர்மானிய இளவரசிகள் பலர் ‘ஃபியோதரோவ்னா’ என்று தந்தைவழிப் பெயர் பெற்றார்கள். கடைசிப் பேரரசி அலெக்சாந்திரா ஃபியோதரோவ்னாவின் தந்தை லுட்விக், ஃபியோதர் அல்ல. ரொமானவ் குலம் போற்றிய ஃபியோதரோவ்ஸ்கயா மாதா திருவுருவத்தோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள்.

தமிழ்த் தந்தை என்றால்: குமார் எனில் குமாரோவிச், குமாரோவ்னா, முருகன் எனில் முருகனோவிச், முருகனோவ்னா. மெய்யில் முடியும் பெயர்கள் இப்படிச் சுலபமாக ஏறும். ராஜா போல ஆகாரத்தில் முடிந்தால் வடிவம் இடறும். பதிவுக்குப் போகும் முன்பே எழுத்துக்கூட்டை முடிவுசெய்துகொண்டு போக வேண்டும். ரஷ்யக் குடும்பச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, இன வழக்கத்தின் அடிப்படையில் தந்தைவழிப் பெயர் விஷயத்தில் விலக்கு தருகிறது. ஆனால் அது இல்லாத குழந்தையைப் பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஒவ்வொரு படிவத்திலும் கேள்வி கேட்பார்கள். அங்கேயே வளரப்போகும் குழந்தைக்கு அதை வைத்துவிடுவதே நல்லது.

கேள்வி: ரஷ்யப் பெயர்கள் உண்மையில் ரஷ்ய மொழிச் சொற்களா?

பதில்: பெரும்பாலானவை இல்லை. 988இல் கீவ் அரசர் விளதீமிர் கிறித்தவத்தை ஏற்றபோது கிரேக்கத் திருச்சபையின் பெயர்ப்பட்டியலும் கூடவே வந்தது. அவரே ஞானஸ்நானத்தில் வசீலி ஆனார். ‘அரசன்’ என்ற கிரேக்கச் சொல். அவருடைய பாட்டி ஓல்கா யெலேனா ஆனார்.

அதற்கு முன் ஸ்லாவ் மக்கள் வைத்த பெயர்கள் பேச்சுமொழிச் சொற்கள். ஷ்தான் என்றால் ‘எதிர்பார்த்திருந்தவன்’, நெஷ்தான் ‘எதிர்பாராதவன்’, த்ரெத்யாக் ‘மூன்றாமவன்’, மரோஸ் ‘உறைபனி’. நெக்ராஸ் என்றால் ‘அழகில்லாதவன்’. நம்மிடம் குப்பன், பிச்சை என்று வைத்ததுபோல, தீய கண் படாமலிருக்க வைத்த பெயர். இவையெல்லாம் பெயராக வழக்கொழிந்து, நெக்ராசவ், த்ரெத்யகோவ், மரோசவ் என்று குடும்பப் பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

அரச குடும்பங்கள் வேறு விதம். அவர்கள் இரண்டு வேர்களைக் கோத்தார்கள்: ஸ்வியதஸ்லாவ் ‘புனிதம், புகழ்’, லுத்மீலா ‘மக்கள், அன்புக்குரியவள்’. விளதீமிர் என்றால் ‘உலகை ஆள்பவன்’ என்று பெயர்ப் புத்தகங்கள் எழுதுகின்றன. முதல் பாதி ஆட்சிதான். இரண்டாம் பாதியின் பழைய வடிவம் ‘மேர்’, ‘பெரிய, பெயர்பெற்ற’ என்ற பொருளுடையது. ‘மீர்’, அதாவது உலகம் அல்லது அமைதி, பிற்காலத்தில் மக்கள் ஏற்றிச் சொன்ன பொருள். ஓலெக், ஓல்கா, ஈகர் ஆகியவை வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவை: ஹெல்கி, ஹெல்கா, இங்வார்.

கிரேக்கத்திலிருந்து வந்த கூட்டம்தான் பெரியது. அலெக்சாந்தர் ‘மனிதரைக் காப்பவன்’, இரீனா ‘அமைதி’, கலீனா ‘அலையடங்கிய கடல்’, ஸோயா ‘உயிர்’, க்சேனியா ‘விருந்தோம்பல்’, அனஸ்தசீயா ‘உயிர்த்தெழுதல்’, ஃபியோதர் ‘கடவுள் கொடை’. எபிரேயத்திலிருந்து மிகயீல், தனீயில், இல்யா, அன்னா. இவானும் அங்கிருந்துதான், ‘கடவுள் அருள் செய்தார்’ என்று பொருள். இலத்தீனிலிருந்து மக்சீம், பாவெல், விக்தர், மரீனா. செர்கேய் ஒரு ரோமானியக் குலப் பெயர்.

ஒரே கிரேக்கச் சொல் மூன்று தனிப் பெயரானதும் உண்டு. ‘உழவன்’ என்ற சொல் தேவாலயத்தில் கியோர்கி, அரண்மனையில் யூரி, கிராமத்தில் யெகோர் என்று மூன்று வாயில் மூன்றாகத் திரிந்தது. இன்று மூன்றும் சட்டப்படி வெவ்வேறு பெயர்கள். ஞானஸ்நானத்துக்குப் போனால் மூவரும் கியோர்கிதான்.

கேள்வி: வேரா, நதேஷ்தா, லுபோவ் மூன்றும் சகோதரிகள் என்கிறார்களே?

பதில்: விசுவாசம், நம்பிக்கை, அன்பு. புனிதை சோஃபியாவின் மூன்று மகள்கள். கிரேக்கத்தில் பீஸ்திஸ், எல்பிஸ், அகாபே. மற்ற பெயர்களை ஒலியோடு எடுத்துக்கொண்டவர்கள் இந்த மூன்றை மட்டும் பொருளைப் பெயர்த்து வைத்துக்கொண்டார்கள். அம்மாவின் பெயருக்கு ‘ஞானம்’ என்று பொருள். அதை ஏனோ பெயர்க்காமல் விட்டுவிட்டார்கள். நால்வருக்கும் விழா செப்டம்பர் 30.

கேள்வி: இங்கே லெனின், ஸ்டாலின், கார்க்கி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். ரஷ்யாவிலும் அப்படி உண்டா?

பதில்: அவை மூன்றும் புனைபெயர்கள், அதுவும் குடும்பப் பெயர் வடிவில் அமைந்தவை. லெனினின் பெயர் விளதீமிர் இல்யீச் உல்யானவ். ‘ஸ்தால்’ என்றால் எஃகு. ஸ்டாலின் ஜார்ஜியாவின் ஜுகாஷ்விலி குடும்பத்தவர். கார்க்கி என்றால் ‘கசப்பு’. அவர் அலெக்சேய் மக்சீமோவிச் பேஷ்கவ். குடும்பப் பெயரை அப்படியே குழந்தைப் பெயராக வைப்பது ரஷ்யக் காதுக்கு ஒவ்வாது.

ஆனால் அவர்கள் வேறு வழி கண்டார்கள். புரட்சிக்குப் பிறகு, 1920களில், ஞானஸ்நானத்துக்குப் பதிலாக ‘அக்தியப்ரீனி’ என்று ஆலையிலும் கழகத்திலும் பெயர்சூட்டு விழா நடத்தினார்கள். அப்போது பிறந்தவை: விளதீமிரையும் லெனினையும் சேர்த்த விளத்லேன், மார்க்சையும் லெனினையும் சேர்த்த மார்லேன், லெனினைப் பின்னாலிருந்து படித்த நினேல், கம்யூனிஸ்டு இளைஞர் அகிலத்தின் முதலெழுத்துகளான கிம், மார்க்ஸ்-எங்கெல்ஸ்-லெனின்-அக்டோபர்-புரட்சியான மெலோர். அக்தியப்ரீனா, இஸ்க்ரா, எரா, மாயாவும் உண்டு. இஸ்க்ரா ‘தீப்பொறி’, 1900இல் தொடங்கிய புரட்சி இதழின் பெயர்.

இவற்றில் எது நிலைத்தது என்று பார்த்தால், முன்பே இருந்த பெயர்கள்போல ஒலித்தவை மட்டுமே. நினேலும் மாயாவும் காதுக்கு இனிய பெண் பெயர்கள். விளத்லேனுக்கு விளாதிக் என்ற சுருக்கம் கிடைத்தது. எலெக்த்ரிஃபிகாத்ஸியா (‘மின்மயமாக்கம்’) போன்றவற்றைச் சுருக்கிக் கூப்பிடவும் முடியாது, பேரப்பிள்ளைக்குத் தந்தைவழிப் பெயராக்கவும் முடியாது. இன்று பட்டியல்களில் நகைக்கப்படும் ‘தஸ்திரபேர்மா’, அதாவது ‘மே முதல் நாள் வாழ்க’, பேச்சில் அடிபட்ட அளவுக்குத் தொட்டிலில் கிடந்ததில்லை.

கேள்வி: நாள்காட்டியைப் பார்த்துப் பெயர் வைப்பார்களாமே?

பதில்: ‘ஸ்வியாத்சி’ என்ற புனிதர் நாள்காட்டி. குழந்தை பிறந்த நாள், எட்டாம் நாள், ஞானஸ்நானம் நடக்கும் நாற்பதாம் நாள் ஆகியவற்றை ஒட்டி எந்தப் புனிதர் வருகிறாரோ அவர் பெயர். விவசாயக் குடும்பங்களில் பாதிரியார் சொன்னதுதான் முடிவு. ஆகவே வாயில் நுழையாத பெயர்களும் வந்து விழும். கோகலின் ‘மேல்கோட்டு’ கதையில் (1842) தாய்க்கு மோக்கிய், சோஸ்ஸிய், கஸ்தஸாத், த்ரிஃபீலிய், தூலா, வரகாஸிய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். அவள் சலித்துப்போய் அப்பாவின் பெயரையே வைத்துவிடுகிறாள். பிள்ளை அக்காக்கிய் அக்காக்கியெவிச் ஆகிறான். அந்தப் பெயர்கள் அத்தனையும் நாள்காட்டியில் உள்ளவையே.

இப்போது பெற்றோர் விரும்பிய பெயரை வைத்துவிட்டு, பிறந்தநாளுக்குப் பின் முதலில் வரும் அந்தப் பெயர்ப் புனிதரின் நாளை ‘இமினீனி’, பெயர் நாள் என்று கொண்டாடுகிறார்கள். பழைய நாள்காட்டிக்கும் புதியதற்கும் 13 நாள் வித்தியாசம் இருப்பதால் எந்தக் கணக்கில் தேதி போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாள்காட்டியில் இல்லாத பெயருக்கு ஞானஸ்நானத்தில் தனிப் பெயர் தருவார்கள். தெனீஸ் திஓனீசிய் ஆவான், அக்ஸானா க்சேனியா ஆவாள். ஸ்வெத்லானாவின் கதை சுவையானது. அது கவிஞர்கள் உருவாக்கிய பெயர்: 1802இல் வஸ்தோகவின் கவிதையில் தோன்றி, 1813இல் வெளிவந்த ஷுகோவ்ஸ்கியின் பாடலால் வீடுகளுக்குள் நுழைந்தது. ‘ஸ்வேத்’ என்றால் ஒளி. திருச்சபையில் அந்தப் பெயர் இல்லாததால் அதே பொருளுடைய கிரேக்கப் பெயரான ஃபோதீனா என்று ஞானஸ்நானம் செய்தார்கள். ஸ்வெத்லானா என்ற பெயர் சோவியத் காலத்தில்தான் ஊரெங்கும் பரவியது. ஸ்டாலினின் மகளும், 1926இல் பிறந்தவர், ஸ்வெத்லானாதான்.

கேள்வி: பெயரைப் பதிவு செய்யும் முறை என்ன? எந்தப் பெயரையும் வைக்கலாமா?

பதில்: குழந்தை பிறந்து ஒரு மாதத்துக்குள் ‘ஸாக்ஸ்’ எனப்படும் குடிமைப் பதிவகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மகப்பேறு மருத்துவமனை தந்த பிறப்புச் சான்று, பெற்றோரின் அடையாள ஆவணங்கள், திருமணச் சான்றிதழ் போதும். பிறப்பைப் பதிவு செய்யக் கட்டணம் கிடையாது.

பெயரில் எண்கள் கூடாது, எழுத்தும் எண்ணும் கலக்கக் கூடாது, இணைப்புக்கோடு தவிர வேறு குறிகள் கூடாது, வசைச் சொல் கூடாது, பதவியையோ பட்டத்தையோ குறிக்கும் சொல் கூடாது. இந்தத் தடை 2017இல் வந்தது. 2002இல் மாஸ்கோவில் ஒரு தம்பதி எழுத்துகளும் பிறந்த தேதி எண்களும் சேர்ந்த ஒரு குறியீட்டைத் தங்கள் மகனுக்குப் பெயராகக் கேட்டார்கள், பதிவகம் மறுத்தது, விஷயம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அப்போது தடுக்கச் சட்டத்தில் தெளிவான வாசகம் இல்லை.

தாய் தந்தைக்குள் உடன்பாடு வராவிட்டால் காப்பாளர் அமைப்பு முடிவு சொல்லும். இருவர் குடும்பப் பெயரையும் இணைத்து வைக்கலாம். ஆனால் அதே பெற்றோரின் அடுத்த குழந்தைக்கு வரிசையை மாற்றக் கூடாது. மணமாகாத தாய், தந்தை யாரென்று நிறுவப்படாத நிலையில், தான் சொல்லும் பெயரிலிருந்து தந்தைவழிப் பெயரைப் பெறலாம். குடும்பப் பெயர் அவளுடையதே. பிறகு மாற்றுவதென்றால் 10 வயது நிறைந்த பிள்ளையின் சம்மதம் கட்டாயம். 14 வயதிலிருந்து பிள்ளை தானே விண்ணப்பிக்கலாம், 18 வரை பெற்றோர் ஒப்புதலோடு.

கெடுவது பெரும்பாலும் எழுத்துக்கூட்டில்தான். சோஃபியாவும் சோஃப்யாவும், நதாலியாவும் நதால்யாவும், தனீயில், தனீல், தனீலா மூன்றும் சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு பெயர்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று என்றிருந்தால் ஓய்வூதியம், சொத்துரிமை என்று வரும்போது ‘இவரும் அவரும் ஒருவரே’ என்று நிரூபிக்க நேரிடும். ‘யோ’ என்ற எழுத்தின் மேல் உள்ள இரட்டைப் புள்ளி இன்னொரு தொல்லை. அச்சில் அதைப் பலரும் விட்டுவிடுவதால் அர்த்யோம் ‘அர்தெம்’ என்றும் ஃபியோதர் ‘ஃபெதர்’ என்றும் பதிவாகிவிடும். பதிவகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று பெயர்களையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். அந்த இரண்டு நிமிடம் பிறகு பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கேள்வி: பெயரும் தந்தைவழிப் பெயரும் பொருந்த வேண்டும் என்கிறார்களே, எதை வைத்துப் பொருத்தம் பார்ப்பது?

பதில்: காதை வைத்துத்தான். மூன்றையும் சேர்த்து வேகமாகப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். பெயர் முடியும் இடமும் அடுத்தது தொடங்கும் இடமும் மோதக் கூடாது. அலெக்சாந்தர் ரமானோவிச் என்றால் இரண்டு ரகரங்கள் முட்டும். மார்க் கன்ஸ்தந்தீனோவிச் என்றால் ககரத்தின் மேல் ககரம். அல்லா அலெக்சாந்தரோவ்னாவில் இரண்டு அகர ஒலிகள் ஒன்றாகிப் பெயரே காணாமல் போகும். தந்தைவழிப் பெயர் நீளமென்றால் பெயர் குட்டையாக இருப்பது நல்லது: அன்னா விளதீமிரோவ்னா எடுப்பாக நிற்கும், அனஸ்தசீயா வியாச்சிஸ்லாவோவ்னாவைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

ஆண் குழந்தை என்றால் இன்னொரு தலைமுறையையும் நினைக்க வேண்டும். அவன் பெயர்தான் அவன் பிள்ளைகளுக்குப் பின்னொட்டாகும். அப்பா பெயரையே மகனுக்கு வைத்து இவான் இவானோவிச் ஆக்குவது வழக்கில் உள்ளதுதான். ஆனால் வீட்டில் இரண்டு வான்யாக்கள் இருப்பார்கள். ஒருவருக்கு வேறு சுருக்கத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பெயர்ப் பொருளைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். ரஷ்யப் பெற்றோர் உண்மையில் பார்ப்பது பாட்டி தாத்தா பெயர், புனிதர், ஒலி, சுருக்கம் இவைதான். பொருள் அகராதியைப் பிறகுதான் திறக்கிறார்கள்.

கேள்வி: யூலியா என்ற பெண்ணின் கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துகள் விநோதமாக இருக்கின்றன. பிழையா?

பதில்: பிழையில்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் எழுத்துமாற்று அட்டவணைப்படி ‘யூ’ என்பது ஐ-யு என்றும், ‘யா’ என்பது ஐ-ஏ என்றும் எழுதப்படும். யூலியா ஆறெழுத்தாக ஐ-யு-எல்-ஐ-ஐ-ஏ ஆகிவிடும். முந்தைய கடவுச்சீட்டில் ஒய் எழுத்தில் தொடங்கியிருந்தால், பழைய ஆவணத்தைக் காட்டி அதே எழுத்துக்கூட்டு வேண்டும் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரலாம். விமானச் சீட்டு எடுக்கும்போது பேசும் உச்சரிப்பை நம்பாமல் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டின் இலத்தீன் வரியில் தந்தைவழிப் பெயர் வராது. அதைத் தேட வேண்டாம்.

கேள்வி: கணவர் இவானவ், மனைவி இவானவா. இரண்டு குடும்பமா?

பதில்: ஒரே குடும்பம்தான். குடும்பப் பெயரும் பால் காட்டும்: தஸ்தயேவ்ஸ்கி, தஸ்தயேவ்ஸ்கயா. ‘கோ’ என்று முடியும் உக்ரைனிய வகைப் பெயர்களும், செர்னிக், தோல்கிக் போல ‘இக்’ என்று முடியும் வடக்கு, சைபீரியப் பெயர்களும் மாறுவதில்லை. தாயும் மகனும் சேர்ந்து வெளிநாட்டு விசாவுக்குப் போகும்போது இந்த ஓரெழுத்து வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: போரிஸ், விளாடிமிர் என்று நாம் சொல்வது சரியா?

பதில்: அழுத்தம் இடம் மாறுகிறது. பரீஸ், இரண்டாம் அசையில். விளதீமிர், நடு அசையில். இவான் இரண்டாவதில், நிகீதா நடுவில், ஓல்கா முதலில். மிகயீல் மூன்று அசை, அழுத்தம் கடைசியில். அழுத்தம் விழாத ‘ஒ’ ரஷ்ய வாயில் ‘அ’ ஆகிவிடும். பழைய தமிழ் மொழிபெயர்ப்புகளில் டால்ஸ்டாயைத் தல்ஸ்தோய் என்று அச்சிட்டதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: ருஸ்லான், திமூர் ரஷ்யப் பெயர்களா?

பதில்: துருக்கிய மொழிகளிலிருந்து வந்தவை. ருஸ்லான் ‘சிங்கம்’ எனப் பொருள்படும் அர்ஸ்லான் என்பதன் திரிபு. நாட்டுப்புறக் கதை வீரன் யெருஸ்லான் வழியாக வந்து, பூஷ்கினின் 1820ஆம் ஆண்டுக் காவியத்தால் நாடெங்கும் பரவியது. திமூர் ‘இரும்பு’. தத்தாரியர், பஷ்கீரியர், செச்சேனியர் வீடுகளிலும் ரஷ்யர் வீடுகளிலும் இவை புழங்குகின்றன. ரஷ்ய விதிப்படியே தந்தைவழிப் பெயராகவும் ஏறும்: ருஸ்லானோவிச், திமூரோவ்னா.